வேண்டுதல் முடி

பள்ளிக்கூடத்துக்கு எதிரில் சலூன் வைத்தவனுக்கு இரண்டு லாபம் என்று வெள்ளைச்சாமி சொல்லிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமையானால் பையன்கள் வந்து குவிவார்கள். மற்ற நாட்களில் மகள் சத்யா கேட்டுக்குள் போவதையும் வருவதையும், வாடிக்கையாளர் தலைக்குப் பின்னால் நின்றபடியே பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கார்த்திகை மாதம் மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. அது லாபமா நஷ்டமா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சத்யா வகுப்பில் ப்ளஸ் டூ படிக்கிற முத்தமிழ் என்ற பையன், தினமும் காலையில் சீருடை போட்டுக்கொண்டு வருவான், கேட்டில் வாட்ச்மேன் தடுப்பார், அவன் நேரே ரோட்டைத் தாண்டி வந்து இவர் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வான்.

ஜெயங்கொண்டத்தைத் தாண்டி மீன்சுருட்டி போகிற ரோட்டில் இருக்கிற ஊர் அது. பஸ் போனால் கடைக் கண்ணாடி அதிரும். அந்தச் சத்தத்திலும் முத்தமிழ் படித்துக்கொண்டிருப்பான். பள்ளியில் மணி அடித்தால் கையிலிருக்கும் புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த பாடத்துக்குரிய புத்தகத்தை எடுப்பான். மைக்கில் காலை வழிபாட்டுப் பாட்டு கேட்டதும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். ஒரு நாள், பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்த உரக்கடைக்காரர், என்னவோ ஏதோ என்று தானும் எழுந்து நின்றுவிட்டார். "உன்னத்தான் உள்ளயே விடலையேடா, அப்புறம் என்ன?" என்று அவர் கேட்டதற்கு, "பள்ளிக்கூடம் நடக்குதுல்லண்ணே" என்றான் முத்தமிழ்.

அவனை உள்ளே விடாததற்குக் காரணம் தலைமுடி. பிடரியை மூடி வளர்ந்திருந்தது. எண்ணெய் தடவி, படியச் சீவி, பின்னால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பான்.

அது வேண்டுதல் முடி. அவன் அம்மா ஜெயசித்ராவுக்கு வயிற்றில் கட்டி என்று சித்திரையில் திருச்சியில் ஆபரேஷன் நடந்தது. அவள் பிழைத்தெழுந்து, தன் காலால் நடந்துவந்து பொங்கல் வைக்க வேண்டும். அன்றைக்குப் பையன் முடியைக் காணிக்கையாகக் கொடுக்கிறேன் என்று அப்பா குழந்தைவேல் குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டார். அவர்கள் குலதெய்வம் பெரம்பலூர் ஜில்லாவில், ரஞ்சன்குடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் இருக்கிற அய்யனார். அங்கே முடியெடுக்க ஆள் கிடையாது. போகிறவர்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதனால் குழந்தைவேல் முறைப்படி வெற்றிலை பாக்குப் பழத்தோடு வெள்ளைச்சாமி வீட்டுக்கு வந்து, "தையில நாளு வெச்சிருக்கு. நீதாம்ப்பா வந்து எடுத்துக் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெற்றிலை பாக்கை வாங்கிவிட்டால் அந்த முடி அன்றிலிருந்து வெள்ளைச்சாமியின் பொறுப்பு. நாள் வரும்வரை அதில் வேறு யாரும் கத்தரி வைக்கக் கூடாது; அவரும் வைக்கக் கூடாது.

இதையெல்லாம் முத்தமிழ் தலைமையாசிரியரிடம் சொல்லாமல் இல்லை. சொன்னான். ஆனால் போன வருஷம் மூன்று பேர் இதே வேண்டுதல் கதையைச் சொல்லி முடி வளர்த்து, ஆடித் திருவிழாவில் செம்பட்டைச் சாயம் பூசிக்கொண்டு ஆடியிருந்தார்கள். தலைமையாசிரியர் பாலசுந்தரம் அதை மறக்கவில்லை. அப்பாவைக் கூட்டிவா என்றார். அப்பா, அம்மாவுக்குக் கட்டி மறுபடி வராமலிருக்கக் கரண்டு வைத்தியம் நடக்கிறதென்று திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தார். போனில் பேசச் சொல்கிறேன் என்றான். "போன்ல பேசுற அப்பனையெல்லாம் எனக்குத் தெரியும்டா. போன மாசம் ஒருத்தனுக்கு டீ மாஸ்டர் அப்பனா பேசினான்" என்றார் பாலசுந்தரம். கடைசியில் கொஞ்சம் இறங்கிவந்து, "பொறுப்பான பெரிய மனுஷன் ஒருத்தர் நேர்ல வந்து சொல்லட்டும், விடறேன். அதுவரைக்கும் வெளியில நில்லு" என்று முடித்துவிட்டார்.

ஊரில் எத்தனையோ பெரிய மனுஷர்கள் இருக்க, முத்தமிழ் தேர்ந்தெடுத்தது வெள்ளைச்சாமியை.

"அண்ணே, நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்ணே. வெத்தல பாக்கு வாங்குனது நீங்கதான?"

"சொல்றேன்டா தம்பி. நாளைக்கு மொத வேலையா போயி சொல்றேன்."

வெள்ளைச்சாமிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவரைப் பெரிய மனுஷன் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் அந்த நாளைக்கு வரவே இல்லை. ஒரு நாள் கடையில் கூட்டம் என்றார். ஒரு நாள் தலைமையாசிரியர் மீட்டிங்குக்கு அரியலூர் போயிருக்கிறார் என்றார். நடுவில் ரோட்டைத் தாண்டினால் பள்ளிக்கூடம். அதைத் தாண்ட அவருக்குக் கால் வரவில்லை.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். ஆடி மாதமே பள்ளியிலிருந்து சுற்றுவட்டாரத்துச் சலூன்களுக்கெல்லாம் நோட்டீஸ் வந்திருந்தது. மாணவர்களுக்குப் போலீஸ் கட்டிங் தவிர வேறு எதுவும் வெட்டக் கூடாது என்று. வெள்ளைச்சாமி அதை வாங்கிப் படித்து, "ரொம்பச் சரிங்க சார்" என்று தலையாட்டினார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பையன்கள் செல்போனில் காட்டுகிற படத்தைப் பார்த்து அப்படியே வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் வழித்து மறு பக்கம் கோபுரமாக நிற்கிற கட்டிங் அவருடைய கைவண்ணம். தலைமையாசிரியர் முன்னால் போய் முத்தமிழுக்காகப் பேச்சைத் தொடங்கினால், பேச்சு எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். மகள் ப்ளஸ் டூ வேறு. பிராக்டிகல் மார்க் அவர்கள் கையில்.

ஒரு திங்கட்கிழமை காலை, பி.டி. சார் ராஜதுரை விசிலைக் கழுத்தில் ஆட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"வெள்ளைச்சாமி, எச்.எம். கூப்புடுறாரு. மிஷினை எடுத்துக்கிட்டு வாங்க."

பெஞ்சில் இருந்த முத்தமிழின் முகம் மலர்ந்தது. "எனக்கும் சேத்து சொல்லிடுங்கண்ணே" என்று மெதுவாகச் சொன்னான். வெள்ளைச்சாமி அவனைப் பார்த்துத் தலையை அசைத்தார். அது ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று அந்த அய்யனாருக்கே தெரிந்திருக்காது.

பாலசுந்தரம் மரியாதை தெரிந்த மனிதர். "உட்காருங்க வெள்ளைச்சாமி" என்று நாற்காலியைக் காட்டினார். டீ வரவழைத்தார். வெள்ளைச்சாமி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

"நம்ம பசங்க தலையைப் பாத்தீங்களா? ஒவ்வொருத்தனும் ஒரு தினுசு. நோட்டீஸ் குடுத்தோம்ல? உங்க கடையில யாராச்சும் வந்து வெட்டிக்கிறானுங்களா?"

"அய்யோ, இல்லீங்க சார். நம்ம ஸ்கூல் பசங்க ஒருத்தனும் என் கடைக்கு வர்றதே இல்லீங்க. எவன் என்னன்னுகூட எனக்குத் தெரியாது. எல்லாம் ஜெயங்கொண்டம் டவுன்ல போயி வெட்டிக்கிறானுங்க போல."

"அதான் நானும் நெனைச்சேன். உங்க பொண்ணு இங்கதான் படிக்குது, நல்லாவும் படிக்குது. நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்கன்னு தெரியும். அந்த உரிமையிலதான் கேக்கறேன். இன்னிக்குப் பிரேயர்ல வெச்சு எல்லாத்தையும் ஒட்ட வெட்டி விட்டுடுங்க. மத்தவனுக்கும் புத்தி வரும்."

தலைமையாசிரியர் சத்யாவைச் சொன்னது பாராட்டாகத்தான். வெள்ளைச்சாமி காதில் அது வேறு மாதிரி விழுந்தது. "சரிங்க சார்" என்றார். முத்தமிழைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கலாம். எவனையும் தெரியாது என்று சொல்லி டீ கிளாஸ்கூட ஆறவில்லையே, எப்படிச் சொல்வது?

கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் புங்கமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் முழுக்க வரிசையில் நின்றது. மைக்கில் பாலசுந்தரம் ஒழுக்கம் பற்றிப் பேசினார். பிறகு ராஜதுரை வரிசைகளுக்குள் புகுந்து ஆள் பிடிக்க ஆரம்பித்தார். பத்துப் பன்னிரண்டு பேர் சிக்கினார்கள். முந்தின நாள் ஷட்டருக்குள் உட்கார்ந்திருந்த அதே தலைகள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆசையாசையாக எழுப்பிய கோபுரத்தையெல்லாம் திங்கட்கிழமை வெள்ளைச்சாமியே இடித்துக்கொண்டிருந்தார்.

பையன்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கதை அங்கேயே கந்தலாகியிருக்கும். ஒருவனும் சொல்லவில்லை. ஒருத்தன் மட்டும், மிஷின் சத்தத்துக்குள், "நேத்துதான வெட்டுனீங்க. நீங்களே வழிக்கிறீங்களேண்ணே" என்று முனகினான். அதற்குமேல் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த நாணயம் தனக்கு இல்லையே என்று வெள்ளைச்சாமிக்கு உறைத்தது. உறைத்தாலும் கை நிற்கவில்லை.

ஒரு பையன் நாற்காலியில் உட்காராமல் திமிறினான். ராஜதுரைக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன்டா, படிக்க வந்தியா, செரைக்க வந்தியா?"

அவர் வெள்ளைச்சாமியை நினைத்துச் சொல்லவில்லை. அந்த வார்த்தை எல்லோர் வாயிலும் கிடக்கிறது. அது ஒருத்தனுடைய தொழில் என்பதே சொல்கிறவர்களுக்கு மறந்துபோயிற்று. ஆனால் சொன்ன இடத்தில் அந்தத் தொழில்காரன் மிஷினும் கையுமாக நிற்கிறான். மைதானம் சிரித்தது. சிரித்துவிட்டு, யார் நிற்கிறார் என்று பார்த்து, இன்னும் கொஞ்சம் சிரித்தது. ராஜதுரை நாக்கைக் கடித்துக்கொண்டார். வெள்ளைச்சாமியும் பல்லைக் காட்டினார். வேறு என்ன செய்வது? பெண்கள் வரிசை இருக்கிற பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை. அந்த நிமிஷத்தில் அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. இது முடிய வேண்டும், கடைக்கு ஓடிப்போய் ஷட்டரை இறக்கிவிட வேண்டும்.

"இன்னும் ஒருத்தன் இருக்கானே" என்றார் பாலசுந்தரம் மைக்கில். "கேட்டுக்கு வெளியில. அவனையும் கூட்டிட்டு வாங்க."

வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். முத்தமிழ் ஓட்டமும் நடையுமாக வந்தான். சிரித்துக்கொண்டே வந்தான். அண்ணன் சொல்லிவிட்டார், அதனால்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டான். வகுப்பு வரிசையைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினான். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, கீழே கிடந்த முடியைப் பார்த்த பிறகுதான் அவன் சிரிப்பு நின்றது.

"சார், வேண்டுதல் சார். அம்மாவுக்காக சார். அண்ணனுக்குத் தெரியும் சார், அண்ணனைக் கேளுங்க."

பாலசுந்தரம் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு வெள்ளைச்சாமியைப் பார்த்தார். "அப்படியா? உங்களுக்கு இவனைத் தெரியுமா?"

ஆமாம் சார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காமல் கெட்டவர்களுக்கு ஒரு பழமொழியும் இல்லை. ஆமாம் என்றால், எவனையும் தெரியாது என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொன்னது பொய் என்றாகும். ஷட்டர் கதை வெளியே வரும். இத்தனை பேர் முன்னால், சிரித்த வாய் இன்னும் மூடாத இந்தக் கூட்டத்தின் முன்னால், மகள் பார்க்க, பொய்யன் என்று நிற்க வேண்டும்.

"தெரியாதுங்க சார்" என்றார் வெள்ளைச்சாமி.

 முத்தமிழ் தானாகவே நாற்காலியில் உட்கார்ந்து, ரப்பர் பேண்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நெருக்கி வைத்த மிஷின் எண்ணெய்பட்ட முடியில் வழுக்கி வழுக்கி ஓடியது. எட்டு மாதம் வளர்ந்த முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. முடிந்ததும் எழுந்தவன், வகுப்புக்குப் போகாமல் குனிந்து அதைப் பொறுக்க ஆரம்பித்தான். மற்றவன் முடியும் அதில் கலந்து கிடந்ததால், நீளமாக இருந்ததைப் பார்த்துப் பார்த்து எடுத்தான்.

"டேய், இத வெச்சு என்னடா பண்ணப் போற? சவுரி கட்டி விக்கப் போறியா?" என்றார் ராஜதுரை. அதற்கும் மைதானம் சிரித்தது.

முத்தமிழ் முடியைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டான். அன்று வகுப்பில் போய் உட்காரவும் செய்தான். மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பள்ளிக்கும் வரவில்லை, கடை பெஞ்சுக்கும் வரவில்லை.

வீட்டில் சத்யா அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். அந்த வார்த்தையைச் சொல்லிச் சிரித்தார்களே, அந்த அவமானம் பிள்ளைக்கு என்று வெள்ளைச்சாமி எண்ணிக்கொண்டார். ஒரு நாள் சாப்பிடும்போது அவள் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"முத்தமிழ் சொன்னது நெசமாப்பா? வேண்டுதல்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கெங்கம்மா தெரியும்? கடைக்கு ஆயிரம் பேரு வர்றான், போறான்."

பொய்யில் ஒரு வசதி உண்டு. முதல் பொய்க்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடுத்தது பழகிய செருப்பு மாதிரி தானாகக் காலில் ஏறிக்கொள்ளும்.

அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை குழந்தைவேல் வந்தார். மனைவியைத் திருச்சியிலிருந்து கூட்டிவந்து நாலு நாள் கழித்துத்தான் வெள்ளைச்சாமி வீட்டுக்கு வந்திருந்தார். சத்தம் போடுவார் என்று வெள்ளைச்சாமி எதிர்பார்த்தார். போட்டிருந்தால் தேவலை. மனிதர் வாசலில் நின்று, களைத்துப்போன குரலில் பேசினார். சத்யா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வெத்தல பாக்கு வெச்சு உங்கிட்ட ஒப்படைச்ச முடி வெள்ளைச்சாமி அது. இந்த வூட்டுலதான உட்காந்து சொல்லிட்டுப் போனேன்? நீ சொல்லுவேன்னு அந்தப் பய தெனமும் உன் கடையில வந்து காத்துக் கெடந்திருக்கான். நீ தெரியாதுன்னுட்டியாமே."

 உள்ளே துணி மடிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"சாமி காரியத்த சாமிகிட்ட சொல்லிக்கிட்டோம். பொறுக்கி வெச்சிருந்தத அங்க கொண்டுபோயி போட்டுட்டு, மறுபடி வளத்துத் தர்றோம்னு கும்புட்டுட்டு வந்தோம். அது பொறுத்துக்கும். இவன் பள்ளிக்கூடம் போக மாட்டேங்கிறான்ப்பா. அரியலூர்ல லாரி டயர்க் கடையில சேந்துட்டான். அவ ஆத்தா அழுவுறா, என்னாலதான எம்புள்ள படிப்பு போச்சுன்னு. பொழைச்சு வந்தவ வாயில இது வரலாமா?"

அவர் போன பிறகும் வெள்ளைச்சாமி வாசலிலேயே நின்றார். உள்ளே போனால் மகளைப் பார்க்க வேண்டும். சத்யாவே வெளியே வந்தாள். அழுதிருந்தாள்.

"எனக்காகத்தான் அப்படிச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் அதைத்தான் சொல்வதாக இருந்தார்.

மறுநாள் காலை பள்ளி தொடங்குமுன்பே வெள்ளைச்சாமி தலைமையாசிரியர் அறைக்குப் போனார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. நோட்டீஸ் வந்த பிறகும் பையன்களுக்கு வெட்டிவிட்டது, வெற்றிலை பாக்கு வாங்கியது, முத்தமிழ் பெஞ்சில் காத்திருந்தது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள் சார், மகள்மேல் மட்டும் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார்.

பாலசுந்தரம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். 

"ஏன்யா, எனக்கும் குலதெய்வம் இருக்குய்யா. அம்மாவுக்காக வளத்த முடிய வெட்டச் சொல்ல நான் என்ன அரக்கனா? உங்களைக் கேட்டேனே. தெரியுமான்னு கேட்டேனே. அதுக்குத்தானே கேட்டேன்! ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த நிமிஷமே வகுப்புக்குப் போடான்னு அனுப்பியிருப்பேன். கட்டிங் வெட்டுனதுக்கு உங்க பொண்ண நான் என்ன செஞ்சிடுவேன்?"

 அவ்வளவுதானா என்று இருந்தது வெள்ளைச்சாமிக்கு. இத்தனை நாள் பயந்து பயந்து காப்பாற்றியது, காப்பாற்ற அவசியமே இல்லாத ஒன்றையா?

பாலசுந்தரம் நல்லவர்தான், சந்தேகமில்லை. ஆனால் சலூன்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன் என்கிறவர், ஆறாம் வகுப்பிலிருந்து தன் பள்ளியிலேயே படிக்கிற பையன் அழாத குறையாகச் சொன்னதை ஏன் நம்பவில்லை என்று அன்றைக்கும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. "அவனைக் கூட்டிட்டு வாங்க. நானே கேட்டுல நின்னு அழைச்சிட்டுப் போறேன்" என்றார். வெள்ளைச்சாமி கடையைத் திறக்காமலே அரியலூர் பஸ் ஏறினார்.

சிமெண்டு லாரிகள் வரிசைகட்டி நிற்கிற சாலையோரம் அந்த டயர்க் கடை. முத்தமிழ் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தான். கைலி கட்டியிருந்தான். தலையில் முடி முள்ளு முள்ளாக முளைத்திருந்தது. வெள்ளைச்சாமியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பவில்லை; டயரைச் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்துக் கடையில் அவருக்கு டீ சொன்னான். அவன் திட்டியிருக்கலாம். டீ வாங்கிக் கொடுத்ததுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"தம்பி, தப்புப் பண்ணிட்டேன்டா. எல்லாத்தையும் சார்கிட்ட சொல்லிட்டேன். அவரே கேட்டுல நின்னு கூட்டிட்டுப் போறேங்குறாரு. இனிமே யாரும் தடுக்க மாட்டாங்க. வா, அடுத்த பஸ்ஸுக்கே போயிடலாம்."

முத்தமிழ் கையில் ஒட்டியிருந்த கரியைக் கைலியில் துடைத்துக்கொண்டான்.

"தடுத்தப்பதான் நான் தெனமும் வந்தேண்ணே."

வெள்ளைச்சாமிக்குப் புரியவில்லை.

"வெளியில நிக்க வெச்சப்ப எனக்கு ஒண்ணுமே தோணல. நம்ம பள்ளிக்கூடந்தான, இன்னிக்கில்லன்னா நாளைக்கு விட்டுடுவாங்கன்னு வந்துக்கிட்டே இருந்தேன். உள்ள கூப்புட்டாங்க பாருங்க, அன்னிக்குத்தான் அது என் பள்ளிக்கூடம் இல்லன்னு தெரிஞ்சுது. நீங்க தெரியாதுன்னு சொன்னதுக்குக்கூட எனக்குக் கோவம் வரலண்ணே. நீங்க வெளியாளு. ஆனா சுத்தி அத்தன பேரு நிக்கறாங்க. எங்க வூட்டுக்கு வந்து சாப்புட்டவன் நிக்கறான், எங்கம்மாவ ஆஸ்பத்திரில வந்து பாத்தவன் நிக்கறான். ஒருத்தன்கூட, 'சார், இவன எங்களுக்குத் தெரியும்'னு சொல்லல. சிரிச்சானுங்கண்ணே."

"பயத்துல சிரிச்சிருப்பானுங்கடா."

"இருக்கும். ஆனா நான் இனி அங்க போயி யாரு பக்கத்துல உட்காருறது, சொல்லுங்க."

லாரிக்காரர் ஒருவர் கூப்பிட்டார். முத்தமிழ், "வரேண்ணே. அம்மா நல்லாருக்கு, ஒருநாள் வூட்டுக்கு வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனான். வெள்ளைச்சாமி டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுவரைக்கும் நடந்தார். வழியில் ஒரு சலூன் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தபோது வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவர் வீடு திரும்பியபோது சத்யா பள்ளியிலிருந்து வந்து சீருடைகூட மாற்றாமல் வாசற்படியில் காத்திருந்தாள்.

"வரேன்னானா?"

சமாதானமாக ஏதாவது சொல்லலாம் என்று வெள்ளைச்சாமிக்கு ஒரு கணம் தோன்றியது. யோசித்துச் சொல்கிறேன் என்றான் என்று சொல்லலாம். பிள்ளை நிம்மதியாகத் தூங்கும். அவர் அவளுக்குக் கீழே ஒரு படியில் உட்கார்ந்து, முத்தமிழ் சொன்னதை ஒன்றுவிடாமல் அப்படியே சொன்னார். தான் தெரியாது என்று சொன்னதையும், ஏன் சொன்னோம் என்பதையும், பயந்ததற்குக் காரணமே இல்லை என்று தலைமையாசிரியர் சொன்னதையும் சொன்னார். "உங்கப்பன் கோழைம்மா" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

சத்யா அவரைச் சமாதானப்படுத்தவில்லை. துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சாங்கன்னு சொன்னானா?"

"ஆமாம்மா. அதுதான் அவனுக்குத் தாங்கல."

"எந்தச் சிரிப்புன்னு சொன்னான்?"

"ஏம்மா, எந்தச் சிரிப்பா இருந்தா என்ன?"

"பி.டி. சார் உங்களுக்கு முன்னாடி அந்த வார்த்தையச் சொன்னாருல்லப்பா" என்றாள் சத்யா. "சொன்னதும் வரிசையில பக்கத்துல நின்ன பிள்ளைங்க எல்லாம் திரும்பி என்னையப் பாத்துச்சுங்க. யாரும் இன்னும் சிரிக்கல, என்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க. எனக்கு என்ன செய்றதுன்னு தெரியல. நான்தாம்ப்பா மொதல்ல சிரிச்சேன்."